எச்சிலில் விளைந்த நெல்

சாப்பிட்டு மூடிய வாழையிலை எத்தனை நாளில் எச்சில் இல்லாமற் போகும் என்று எங்கள் பிள்ளையார் கோயில் கூட்டத்தில் ஒருநாள் பின்னேரம் முழுவதும் கதைத்திருக்கிறோம். மூன்று மாதம் என்றார் ஒருவர். உக்கி மண்ணாகிவிட்டால் அத்தோடு சரி என்றார் இன்னொருவர். எச்சில் எச்சில்தான், எழுபது வருடம் போனாலும் போகாது என்றார் கோயில் தலைவர். எனக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. "அப்ப உவருக்குப் போயிருக்கும்" என்று எனக்குப் பின்னால் யாரோ சொல்ல, சிரித்தார்கள்.

கூட்டம் கூடியது என்னுடைய அரிசிக்காக. அதைச் சொல்வதென்றால் முதலில் முறையைச் சொல்ல வேண்டும்.

முரசுமோட்டையில் எங்கள் வாய்க்காலில் பதின்மூன்று காணி. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஒரு மருதமரம், அதன் கீழே பிள்ளையார். காடு வெட்டிக் குடியேறிய காலத்தில், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த பதின்மூன்று குடும்பமும் சேர்ந்து வைத்த பிள்ளையார். எனக்கு ஐந்து வயதிருக்கும். அப்பு, என் தகப்பன், என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்ததும், அவருடைய தலையில் நல்லெண்ணெய் மணத்ததும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளையாரை வைத்தது ஞாபகம் இல்லை. அன்றைக்கு நான் நித்திரையாகிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஒவ்வொரு வருடமும் மாரிமழையில் விதைக்கிற காலபோக நெல்லின் வெட்டு முடிந்து மாசி மாதத்தில் அங்கே பொங்கல். முதற்பானைக்கு, கொத்து என்கிற அளவுப் பேணியால் ஏழு கொத்துப் புது அரிசி வேண்டும். அதை ஒவ்வொரு வருடமும் ஒரு காணிக்காரர் கொடுக்க வேண்டும். இந்த வருடம் முதலாம் காணி, வரும் வருடம் இரண்டாம் காணி, அப்படியே பதின்மூன்று வரை போய்த் திரும்பும். எங்களுடையது இரண்டாம் காணி. ஒருதரம் தவறவிட்டால் பதின்மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்பு இருந்தவரை அப்பு கொடுத்தார். அவர் போன பிறகு முதற்தடவை என் முறை வந்தபோது நாங்கள் முரசுமோட்டையில் இல்லை. சண்டைக்கு ஓடி, விசுவமடுவுக்கும் அப்பால், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது பிள்ளையாருக்கென்று கொஞ்ச நெல்லை ஒரு சின்னப் பையில் தனியாகக் கட்டியிருந்தேன். எங்கே பொங்கினாலும் அவருக்குத்தானே என்று நினைத்தேன். ஆறு இடம் மாறினோம், ஆறு இடமும் அது வந்தது. ஏழாவது இடத்தில் என் மனைவி அதை அவிழ்த்து, இரும்புச் சட்டியில் கொட்டி, ஒரு கட்டையால் இடித்துக் கஞ்சி வைத்தாள். நானும் குடித்தேன். உப்பில்லாத கஞ்சி. ருசியாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

திரும்பி வந்த பிறகு, பொங்காத வருடங்களையும் வரிசையில் எண்ண வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். தலைவர் தபாற் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவர், வரிசை தப்பினால் அவருக்குத் தலையிடி வரும். ஆகவே நான் கஞ்சி குடித்த வருடம் என் முறை வந்து போன வருடமாக எழுதப்பட்டது. மூன்றாம் காணி, நாலாம் காணி என்று போய், ஒருவழியாக மறுபடி என் முறை வருகிற நேரத்தில்தான் யூரியா இல்லாமற் போனது.

அந்த வருடம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இனி இரசாயனப் பசளை இல்லை, எல்லாரும் சேதனப் பசளை போடுங்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். சேதனப் பசளை எங்கே என்று கேட்டால் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் கிழமையே ஸ்கூட்டியில் ஒரு பிள்ளை வந்து இறங்கினாள். கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் வேலை. நாங்கள் எல்லாரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். என் பேத்தியின் வயதுதான், ஆனால் கையில் பைல் இருந்தது.

மிஸ் ஒரு கடதாசியைத் திண்ணையில் விரித்துக் காட்டினாள். வட்டமாக அம்புக்குறிகள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சுகிற சாப்பாடும் இலையும் வயலுக்கு வரும். வயலில் அது பசளையாகும். பசளையில் விளைந்த மரக்கறியும் நெல்லும் மண்டபத்துக்குப் போகும். அங்கே சாப்பிட்டு மிஞ்சியது திரும்ப வயலுக்கு வரும். படத்தில் ஒரு மாடு இருந்தது, ஒரு கத்தரிச்செடி இருந்தது, ஒரு புழுகூட இருந்தது.

"மிஸ், இதில நான் எங்க நிக்கிறன்?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். "இஞ்ச, ஐயா."

நான் சேர்ந்துகொண்டேன். வேறு வழி என்ன. முறை வருகிற வருடத்தில் வயலைப் பதராக விட்டுவிட்டுப் பிள்ளையாருக்கு எதைக் கொண்டுபோவது?

எனக்கு மேலே, முதலாம் காணியைச் செய்கிறவரும் அன்றைக்கு வந்திருந்தார். அவர் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் காணியை இருபது வருடமாக அவர்தான் செய்கிறார். ஆனால் பத்திரம் இன்னும் கனடாவுக்குப் போனவருடைய பெயரில்தான் இருக்கிறது. பொங்கல் வரிசையிலும் அந்தப் பெயர்தான். முதலாம் காணியின் முறை வரும்போது கனடாவிலிருந்து காசு வரும், தலைவர் கிளிநொச்சிக் கடையில் அரிசி வாங்கிப் பானையில் போடுவார். அந்த அரிசி எந்த ஊரில் விளைந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. வயலில் நிற்கிறவர் பொங்கலன்று ஓர் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மிஸ் அவரிடம் கேட்டாள்: "காணிப் பத்திரம் உங்கட பேரில இருக்கா ஐயா?"

"பேரு கனடாவில இருக்குங்க மிஸ். ஆளுதான் இங்க இருக்கேன்."

"பத்திரம் இல்லாட்டிப் பதியேலாது ஐயா."

"குப்பைக்கும் பத்திரமா மிஸ்?"

மிஸ் பைலை மூடிவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள். ஆனால் பசளை செய்யச் சாணி வேண்டும் என்றாள். என்னிடம் மாடு இல்லை. அவரிடம் இரண்டு மாடு இருந்தது. அவர் சாணி தருவதாகவும், நான் பசளையில் பாதி கொடுப்பதாகவும் பேசிக்கொண்டோம். அந்த மூன்று மாதமும் அவருடைய மாடுகள் போட்டதெல்லாம் என் குவியலுக்குத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் திங்கட்கிழமை உழவு இயந்திரப் பெட்டியில் வந்து சேரும். அதைக் கிளறினால் கல்யாணத்தைப் பார்க்கப் போகத் தேவையில்லை. பாயாசத்தில் எத்தனை முந்திரிகைப் பருப்பு, மாப்பிள்ளை வீட்டார் வடையைத் தொட்டார்களா, எல்லாம் தெரியும். ஒருதரம் நாற்பது இலையில் கத்தரிக்காய்க் கறி அப்படியே இருந்தது. "சமையல்காரனுக்கும் பொண்ணு வூட்டுக்கும் தகராறு" என்றார் முதலாம் காணிக்காரர். இலையை ஒரு வரிசை, சாணியை ஒரு வரிசை, வைக்கோலை ஒரு வரிசை என்று அடுக்கினோம். பொலித்தீன் கிடந்தால் பொறுக்கச் சொன்னாள் மிஸ். நான் பொறுக்கினேன். கண்ணில் விழுந்த வெண்படலத்தை ஒரு கண்ணுக்குத்தான் ஆஸ்பத்திரியில் வெட்டியிருந்தார்கள், மற்றக் கண்ணுக்கு இன்னும் வெட்டவில்லை. பச்சையாக நீளமாக இருந்ததெல்லாம் எனக்கு இலைதான்.

மிஸ் முழங்கை நீளத்தில் ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் தந்தாள். தினமும் குவியலுக்குள் குத்தி எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், அந்தச் சின்ன எழுத்து எனக்குத் தெரியாது. அதனால் கையை உள்ளே விட்டுப் பார்த்து, "சூடு", "நல்ல சூடு", "கை வைக்கேலாது" என்று எழுதினேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அன்றைக்கு என் மனைவி குவியலையும் தொட்டுப் பார்த்து, என் நெற்றியையும் தொட்டுப் பார்த்து, "ரெண்டும் ஒண்டுதான்" என்றாள். அதையும் கொப்பியில் எழுதினோம்.

புரட்டாதியில் குவியல் தயாரானது. கறுப்பாக, உதிரியாக, மழைவாசம் அடித்தது. சலித்தெடுக்க அரிதட்டு வரும் என்றார்கள், வரவில்லை. பேசியபடி பாதியை முதலாம் காணிக்கு ஏற்ற ஆயத்தமானபோது மிஸ் ஒரு கடதாசியோடு வந்தாள்.

"ஐயா, பதிஞ்ச வயலுக்கு மட்டும்தான் போடலாம். வெளியில போனால் விளைச்சலை அளக்கேலாது."

"அவற்ற மாட்டுச் சாணி பிள்ளை. நான் வாக்குக் குடுத்தனான்."

"எனக்கு விளங்குது ஐயா. ஆனால் மேலிடத்தில கேப்பினம்."

நான் கையெழுத்து வைத்தேன். மாசிப் பொங்கல்தான் கண்ணுக்குள் நின்றது. எல்லாம் என் வயலுக்கே போட்டால் நல்லாய் விளையும் என்ற எண்ணமும் இல்லாமல் இல்லை. பின்னேரம் போய் அவரிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணே" என்றார். "மாடு அதுக்கெல்லாம் கோவிக்காது. நாளைக்கும் போடும்."

ஐப்பசியில் விதைத்து இருபது நாள் இருக்கும், மழை விடாமல் பெய்தது. என் வயல் நிறைந்து மூன்றாம் காணிக்கு வழிந்து, அதிலிருந்து நாலாம் காணிக்குப் போனது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் அப்படித்தான், ஒருவருடைய வரம்பைத் தாண்டி மற்றவருடைய வயலுக்குப் போகும். நாலாம் காணி தலைவருடையது. மழை விட்ட காலையில் அவர் போன் எடுத்தார்.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. என்ர வயலில ஒரு பந்தி நடக்குது."

நானும் முதலாம் காணிக்காரரும் போனோம். தலைவருடைய கீழ்வரம்பு ஓரமாகப் பதினொரு வாழையிலை, சேற்றில் வரிசையாகக் கிடந்தன. பச்சைப் பசேலென்று இருந்தன. ஒவ்வொரு இலைக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கொக்கு. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பரிமாறுகிறவன் எங்கே என்று பார்ப்பது போல நின்றன. ஓர் இலைக்கு மட்டும் ஆள் இல்லை.

"அந்த எலைக்கு யாருங்க வரணும்?" என்று முதலாம் காணிக்காரர் கேட்டார்.

தலைவர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இது என்ன அண்ணை?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். "மூண்டு மாசம் உக்கின இலை இப்பிடி இருக்காது."

முதலாம் காணிக்காரர் இறங்கி ஒன்றை எடுத்து வாய்க்காலில் அலசினார். நடுநரம்பு, ஓரத்து வெளிறல், எல்லாம் அச்சொட்டாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தார். கிழியவில்லை.

"அண்ணே, இது எலை இல்லண்ணே. எலை மாதிரி அச்சடிச்ச பொலித்தீன். இதையா சாணி போட்டு மூணு மாசம் பொத்தி வச்சோம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. தலைவருக்கு வரவில்லை. அவர் அந்தப் பொலித்தீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் மஞ்சள் கறை இருந்தது.

"பருப்பு" என்றார். "அண்ணை, இது சாப்பிட்ட இலையோ?"

"ஓம். கல்யாண மண்டபத்துக் குப்பை."

"ஊர் பேர் தெரியாத ஆக்களின்ர எச்சில் இலையில பசளை செய்து, அந்த நெல்லையோ மாசியில பிள்ளையாருக்குக் கொண்டரப் போறியள்?"

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

மிஸ் வந்து கொக்கையும் இலையையும் படம் பிடித்தாள். அறிக்கையில் எதிர்பாராத சிக்கல்கள் என்று ஒரு பகுதி இருப்பதாகவும் அதில் எழுதுவதாகவும் சொன்னாள். மண்டபத்துக்காரரைக் கேட்டாளாம், உண்மையான இலையைவிட அது மலிவு என்றாராம். நான் மூன்று நாள் குனிந்து என் வயலில் இலை பொறுக்கினேன். கீழ்க் காணிக்காரர்களும் பொறுக்கினார்கள். பன்னிரண்டாம் காணிவரை போயிருந்தது. அங்கே ஒரு வீட்டில் அதைக் கழுவிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்ததைப் பிறகு கண்டேன்.

மார்கழியில் யூரியா இல்லாமல் மற்ற எல்லா வயலும் மஞ்சளடித்துப் போனது. என்னுடையது மட்டும் கறுத்துப் பச்சையாக நின்றது. வெட்டியபோது நெல்லும் மணியாக இருந்தது. மிஸ் வந்து ஒரு சதுரத்தை வெட்டி அளந்து, கைதட்டினாள். அந்த நெல் வாங்க ஆட்கள் தேடி வந்தார்கள். எனக்கு வேண்டியது ஏழு கொத்தைப் பிள்ளையாருக்குக் கொண்டுபோக ஒரு சம்மதம். அதற்காகத்தான் அந்தக் கூட்டம்.

மருதமரத்தடியில் எல்லாரும் இருந்தார்கள். பூசை செய்கிற ஐயரையும் கூப்பிட்டிருந்தார்கள். எச்சில் எத்தனை நாளில் போகும் என்று தலைவர் அவரிடம் கேட்டார்.

"நான் பொங்கற்பானைக்குப் பூசை செய்யிறனான்" என்றார் ஐயர். "குப்பைக்கு இல்லை."

ஒன்பதாம் காணிக்காரர் எழும்பினார். அவர் எப்போதும் எனக்கு ஆதரவாகக் கதைப்பவர், ஆனால் அவர் கதைத்தால் காரியம் கெட்டுப்போகும். "எச்சில் இலையை மாடு தின்னுது. அந்த மாட்டுச் சாணியில நாங்கள் பிள்ளையார் பிடிக்கிறம். அது சரியெண்டால் இது என்ன பிழை?"

"மாட்டின்ர வயித்துக்குள்ள போனால் சுத்தம்" என்றார் தலைவர். "உவற்ற இலை மாட்டுக்குள்ள போகேல்ல."

"மாட்டுக்குப் பக்கத்தில கிடந்தது" என்றார் ஒன்பதாம் காணி.

"பக்கத்தில கிடந்தால் போதாது."

"அப்ப பொலித்தீன் இலை?" என்று கேட்டார் ஒருவர். "கோப்பையைக் கழுவினால் எச்சில் போகுது. பொலித்தீனும் கழுவலாம். அப்ப அது எச்சில் இல்லை. உக்கின இலைதான் எச்சில்."

"ஆர் கழுவினது?"

"மழை."

ஐயர்கூடத் தலையை ஆட்டினார்.

நான் எழும்பினேன். மருதமரத்தைப் பிடித்துக்கொண்டேன். "போன வருசம் கடையில வாங்கின அரிசியில பொங்கினம். அந்த வயலுக்கு என்ன போட்டவையெண்டு ஆரும் கேட்டவையோ?"

"தெரியாததில குற்றமில்லை அண்ணை. இது கண்ணால கண்டது."

"கண்டது உங்கட வயலிலதானே."

தலைவர் தன்னுடைய வரிசைக் கொப்பியைப் புரட்டினார், நான் விடவில்லை.

"என்ர வயலில நிண்ட தண்ணிதான் உங்கட வயலுக்கு வந்தது. பதினொரு இலை வந்தது. உங்கட நெல் அந்தத் தண்ணி குடிச்சுத்தானே விளைஞ்சது? என்ர அரிசி எச்சிலெண்டால் இரண்டாம் காணியிலயிருந்து பதின்மூண்டாம் காணி மட்டும் எல்லாம் எச்சில். அப்ப இந்த வருசம் பிள்ளையாருக்கு ஆர்ட அரிசி?"

நான் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைத்தேன். ஆனால் தலைவர் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தபாற் கந்தோர்க் கணக்கு. கண்ணைத் திறந்தபோது அவருக்கு விடை கிடைத்திருந்தது.

"தண்ணி மேல ஏறாது" என்றார். "அப்ப சுத்தமான நெல் முதலாம் காணி நெல்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாம் காணிக்காரர் வழக்கம்போல ஓர் ஓரத்தில், சைக்கிளில் சாய்ந்து நின்றார்.

"நீ என்ன பசளை போட்டனீ?" என்று தலைவர் கேட்டார். கேட்ட பிறகு, "போட்டனீங்கள்" என்று திருத்தினார்.

"ஒண்ணும் போடலீங்க. இருந்த சாணியெல்லாம் அண்ணனுக்குக் குடுத்துட்டேன்."

அதுதான் தீர்ப்பு. அரிசி முதலாம் காணியிலிருந்து வர வேண்டும், ஆனால் முறை இரண்டாம் காணியுடையது, ஆகவே நான் அவரிடமிருந்து வாங்கி என் பெயரில் கொடுக்க வேண்டும். கூட்டம் கலைந்தது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதைக் கேட்கிற வேலையும் என்னுடையதாயிற்று.

அன்றைக்கு நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவருக்குக் கொடுப்பதாகச் சொன்ன பாதிப் பசளையைக் கொடுக்காமல் விட்டவன், இப்போது அந்தப் பசளை படாத நெல்லைத் தாருங்கள் என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது? மூன்றாம் நாள் என் மனைவி, "போகாட்டில் கடையில வாங்குவினம்" என்றாள். போனேன்.

அவர் முற்றத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். காற்றில் பறந்தது அதிகம், கீழே விழுந்தது கொஞ்சம். நான் கேட்டேன். அவர் சுளகை நிறுத்தவில்லை.

"வேபாரி எடுத்தது போக அரை மூட்டைதாங்கண்ணே இருக்கு. பதரு பாதி."

"ஏழு கொத்து அரிசி தேறினால் போதும்."

"நெல்லு என்னோடது. பேரு ஒங்களோடது. அப்படித்தானே?"

"கூட்டத்தில அப்பிடித்தான் சொல்லிச்சினம்."

"நீங்க என்னா சொல்றீங்க?"

இருபது வருடம் பக்கத்து வரம்பில் நின்றவர் என் மனதில் இருப்பதைக் கேட்டது அதுதான் முதற்தடவை என்று நினைக்கிறேன். சாணி கொடுக்கும்போதுகூட எதுவும் கேட்கவில்லை. இந்த ஏழு கொத்துக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியும், கஞ்சிக் கதையும் தெரியும்.

"நீங்களே தலையில வைச்சுக் கொண்டு வாங்கோ" என்றேன். "நான் பின்னால வாறன். பேரும் உங்கடதாய் இருக்கட்டும்."

"அப்ப ஒங்க மொற?"

"அது வரும்" என்றேன். வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பொங்கலுக்கு முதல்நாள் காலை அவர் நெல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முறை வீட்டில்தான் குத்த வேண்டும் என்பது வழக்கம். என் மனைவி உரலில் குத்திப் புடைத்தாள். பதர் போனது, உமி போனது, குறுனல் போனது. பானைக்கு உடையாத அரிசிதான் போட வேண்டும். அளந்து பார்த்தால் ஐந்து கொத்து. கொத்தைத் தட்டித் தட்டி அளந்தாலும் ஐந்துதான்.

"என்ன செய்யிறது இப்ப?" என்றேன்.

"நீங்கள் போய்த் தோரணம் கட்டுங்கோ" என்றாள்.

நான் கட்டிவிட்டு வந்தபோது வெள்ளைத் துணி மூட்டை கட்டியபடி இருந்தது. தூக்கிப் பார்த்தேன். பாரம் கூடியிருந்தது. மூலையில் எங்கள் வயல் அரிசி வைத்திருந்த பானையின் மூடி திறந்திருந்தது. அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொன்னால் நான் தலைவரிடம் சொல்ல வேண்டி வரும்.

மறுநாள் விடிய முதலாம் காணிக்காரர் மூட்டையைத் தலையில் வைத்து முன்னால் நடந்தார். புது வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. நான் பால் நிறைத்த மண்முட்டியோடு பின்னால் போனேன். தலைவர் மூட்டையை அவிழ்த்து அளந்தார். ஏழு கொத்து. அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்து, "பாத்தியளே அண்ணை, சுத்தமான நெல்லின்ர அரிசியே வேற" என்றார். நான் ஓம் என்றேன்.

ஐயர் பூவை எடுத்துக்கொண்டு, பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தலைவர் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். நான் முதலாம் காணிக்காரரின் பெயரைச் சொன்னேன். ஐயர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன்னுடைய கொப்பியைப் பார்த்தார். அதில் அந்தப் பெயர் இல்லை.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர். அடுப்பில் தண்ணீர் கொதித்துவிட்டது, அவருக்கு அவசரம்.

"தெரியாதுங்க சாமி" என்றார் அவர். "நல்ல மழ நாளுன்னு அம்மா சொல்லும். தோட்டத்தில எல்லா நாளும் மழதான்."

"நட்சத்திரம் இல்லாமல் சங்கற்பம் செய்யேலாது."

"அப்ப என்ர நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ" என்றேன். "எனக்கு இண்டைக்குத் தேவையில்லை."

அப்படித்தான் அந்த வருடப் பூசை நடந்தது. அவருடைய பெயருக்கும் என்னுடைய நட்சத்திரத்துக்கும். அப்படி ஒரு மனிதன் உலகத்தில் எங்கும் இல்லை, ஆனால் ஐயர் அந்த மனிதனுக்காக நன்றாக உரத்துத்தான் சொன்னார்.

பால் பொங்கி வழிந்தது. அரிசியை அவர் மூன்றுதரம் கையால் அள்ளிப் போட்டார். மிச்சத்தை நான் போட்டேன். என் கையில் வந்தது அவருடைய அரிசியா எங்களுடையதா என்று எனக்குத் தெரியாது. வெண்படலம் வெட்டாத கண்ணால் பார்த்தாலும் வெட்டிய கண்ணால் பார்த்தாலும் எல்லாம் ஒரே வெள்ளைதான். கஞ்சி குடித்த அன்றைக்கு அவிழ்த்த அந்தச் சின்னப் பையை நினைத்துக்கொண்டு கும்பிட்டேன். எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ, போய்ச் சேர்ந்தது.

பிறகு எல்லாரும் மரத்தடியில் இருந்து பொங்கல் சாப்பிட்டோம். முதலாம் காணிக்காரர் முதற்தடவையாக வரிசைக்கு நடுவில் இருந்தார். ஒரு வாய் வைத்தார், மென்றார். இன்னொரு வாய் வைத்துக் கொஞ்சம் யோசித்தார்.

"அண்ணே" என்றார், மெதுவாக. "என் நெல்லு இவ்வளவு பதமா வேகாதே."

நான் இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டு கொத்து" என்றேன்.

அவருக்குப் புரைக்கேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர் வரிசையைப் பார்த்தார். அங்கே தலைவர், முதலாம் காணி அரிசியின் அருமையைப் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிச் சொல்லி, இரண்டாந்தரமும் போடும்படி கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.